‘வராதீங்க’ என்று ஒரு விளம்பரம்

போன வாரம் எங்கள் பக்கத்து வீட்டுக்கு துபாயிலிருந்து ஒரு போன் வந்தது. அதில் என்ன பேசினார்கள் என்பதைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்பு என் கடைவாய்ப் பல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மே மாதக் கடைசியில் அந்தப் பல்லுக்கு ரூட் கேனால் செய்தார்கள். வலி என்றால் அப்படியொரு வலி. கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. கஞ்சியைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. யாரிடமாவது புலம்ப வேண்டுமே... வீட்டுக்காரர் முதல் நாளே டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். வேறு வழியில்லாமல் என் பிளாக்கில் உட்கார்ந்து, ஒரு முழுப் பதிவுக்கு அழுது தீர்த்தேன்.

மறுநாள் காலையில் ஒரு கமென்ட் வந்திருந்தது.

“அருமையான பதிவு! மிகவும் பயனுள்ள தகவல். இதுபோல் மேலும் பல எதிர்பார்க்கிறோம்.”

மேலும் பலவா? வாயில் மிச்சமிருக்கிற பற்களும் அவருக்கு வேண்டுமாம்!

கமென்டின் வாலில் ஒரு லிங்க். தட்டினால் குற்றாலத்தில் ஒரு காட்டேஜ். வாசலில் நின்று சிரிக்கிற ஆளைப் பார்த்தேன். அட, நம்ம சாகுல்!

சாகுல் எங்கள் பக்கத்து வீடு. சொந்த ஊர் வடகரை. பிள்ளைகளின் படிப்புக்காகத் தென்காசியில் வாடகைக்கு இருக்கிறார்கள். பல வருஷம் துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட் குடோனைப் பார்த்துக்கொண்டவர். பிள்ளைகள் நடை பழகியதையும் பல் விழுந்ததையும் செல்போனில்தான் பார்த்திருக்கிறார். இந்த முறை லீவில் வந்தவரை மனைவி மும்தாஜ் திரும்பப் போகவிடவில்லை. “போதும். இருக்கதை வச்சு இங்கனயே பொழைப்போம்” என்று ஒரே பிடியாய் நின்றுவிட்டாள். ஐந்தருவி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு பழைய காட்டேஜைக் குத்தகைக்கு எடுத்தார்கள்.

துபாய் முதலாளி கேரளாக்காரர், நல்ல மனுஷர். ஆகஸ்ட் வரை சாகுலின் இடத்தில் வேறு ஆளைப் போடமாட்டேன் என்று சொல்லியிருந்தார். ஆக, இந்த சீசன் ஓடினால் சாகுல் இங்கே. ஓடாவிட்டால் மறுபடியும் துபாய், மறுபடியும் செல்போனில் பிள்ளைகள்.

வீங்கிய கன்னத்தோடு காம்பவுண்டுச் சுவர் ஓரம் போய் நின்றேன்.

“ஏன் தம்பி, என் பல்லு வலியில அப்படி என்ன அருமையக் கண்டிய?”

சாகுல் முழித்தார். “எந்தப் பல்லுக்கா?”

வாசிக்கவே இல்லை!

விஷயம் இதுதான். அவர் காட்டேஜுக்கு வெப்சைட் செய்து கொடுத்தவர் செங்கோட்டைக்காரர். கூகுளில் தேடினால் இவர்களுடைய சைட் பதினோராவது பக்கத்தில் வருகிறது. பதினோராவது பக்கம் வரை யார் போவார்கள்... தொலைந்துபோன ஆளைத் தேடுகிற போலீஸ் கூடப் போகாது. முதல் பக்கத்துக்கு வர வேண்டுமானால் ஊரில் உள்ள மற்ற சைட்டுகளில் நம் லிங்க் கிடக்க வேண்டுமாம். பேக்லிங்க் என்று பெயர். அதற்குச் சுலபமான வழி, கண்ணில் படுகிற பிளாக்கில் எல்லாம் ஒரு கமென்ட்டைப் போட்டு, கீழே லிங்க்கைத் தொங்கவிடுவது. கூகுள் அதையெல்லாம் சிபாரிசு என்று நம்பி மேலே தூக்கிவிடுமாம்.

“வாசகத்தையும் வெப்சைட் அண்ணாச்சியே வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாருக்கா. நான் ஒட்டிக்கிட்டே போறேன், அவ்வளவுதான்” என்றார் சாகுல்.

எங்கெல்லாம் ஒட்டினார் என்று அவர் போனை வாங்கிப் பார்த்தேன். மூலத்துக்கு நாட்டு மருந்து — அருமையான பதிவு. இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்படி — மிகவும் பயனுள்ள தகவல். ஒருவர் தன் அப்பா இறந்துபோனதைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்தார். அதற்குக் கீழே — இதுபோல் மேலும் பல எதிர்பார்க்கிறோம்!

எட்டிப் பார்த்த மும்தாஜ் நெஞ்சில் கை வைத்துவிட்டாள். “யா அல்லா! மவுத்தான வீட்லயா போயி ரூம் வேணுமான்னு கேட்டிய?”

சாகுலுக்கு முகம் செத்துப்போயிற்று. அதை அழிக்க என்னென்னவோ செய்து பார்த்தார், முடியவில்லை. கடைசியில் அதற்குக் கீழேயே இன்னொன்று எழுதினார். ‘மன்னிச்சிருங்க சார். வாசிக்காமப் போட்டுட்டேன். உங்க அப்பாவுக்காக துஆ செய்யுதேன்.’ இந்த முறை லிங்க் இல்லை.

அவரை மட்டும் சொல்வானேன்? வாட்ஸ்அப் குழுவில் யாருக்கோ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறோமே, என்னவென்று படித்துவிட்டா தூக்குகிறோம்? அடுக்களையில் நின்றுகொண்டு இடது கையால் எத்தனை ‘சூப்பர்’ போடுகிறோம்!

ஆனால் “வாசிச்சிட்டு எழுதுங்க தம்பி” என்று நான் சொன்னதுதான் வினையாகிவிட்டது. சாகுல் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

தென்காசியில் குடியிருப்பவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. ஜூன் பிறந்தால் போதும், வருஷம் முழுக்க நம்மை மறந்துபோன சொந்தமெல்லாம் போன் செய்யும். “நல்லா இருக்கியா?” என்று ஒரு கேள்வி. பதில் சொல்வதற்குள் அடுத்தது — “தண்ணி விழுதா?” நாமும் வாசல்படி கூட இறங்காமல் “விழுது விழுது, வாங்க” என்று சொல்லிவிடுவோம். வந்து பாறையைப் பார்த்துவிட்டுத் திட்டினால் திட்டட்டும்.

சுற்றுலா பிளாக்குகளிலும் இதே கதைதான். ‘குற்றாலம் போகலாம் வாங்க’ என்று யாரோ எழுதிப் போட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போயிருப்பார். கீழே வரிசையாய்ப் பாவப்பட்ட ஜனங்கள் — “நாளைக்கு வர்றோம், தண்ணி இருக்குமா?”, “குழந்தைகளைக் கூட்டிட்டு வரலாமா?” பதில் சொல்ல நாதியில்லை. சாகுலுக்கு அது பொறுக்கவில்லை. காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஒரு ரவுண்டு போவார். நேரில் பார்த்துவிட்டு வந்து ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுவார். ‘மெயின் அருவி நல்லா விழுது. ஐந்தருவியில ரெண்டு கிளை சுமார். வெயிலும் இல்ல, சாரலும் இல்ல.’ கீழே லிங்க்.

இதில் ஒரு கூத்து. அவர் தேதியைப் பார்க்கவில்லை. யாரோ ஆறு வருஷத்துக்கு முன்பு ‘நாளைக்குக் கிளம்பலாமா?’ என்று கேட்டிருந்ததற்கு, ‘கிளம்பலாம் சார், இன்னைக்கு அருமையா விழுது’ என்று எழுதிவிட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பல் வலியிலும் சிரித்தேன் என்றால் பாருங்கள்.

அதற்கும் பதில் வந்ததே! ‘கேட்டப்போ பேச்சிலர். இப்போ ரெண்டு குழந்தை. பரவாயில்லை, குடும்பத்தோட வர்றோம். ரூம் இருக்கா?’

மதுரைக்காரர். மாமனார், மச்சினன் என்று பெரிய பட்டாளம். ஜூலையில் வந்த நீண்ட விடுமுறைக்கு எல்லா அறைகளையும் பேசி வைத்துவிட்டார். மும்தாஜ் புதுத் தலையணை உறையெல்லாம் தைத்தாள். தெருவுக்கே கேசரி கொடுத்தாள்.

அந்த வாரம் பார்த்து வானம் வெறித்துவிட்டது. காற்று நின்றது. மெயின் அருவியில் பாறை பல்லைக் காட்டியது. ஒரு ஓரமாய்க் குழாயில் ஒழுகுகிற மாதிரி கொஞ்சம் தண்ணீர், அதற்கு அனுமார் வாலாய் வரிசை. அக்கம்பக்கத்து லாட்ஜ்களில் யாரைக் கேட்டாலும் “சூப்பரா விழுது, வாங்க” என்றார்கள். மதுரைக்காரர் கிளம்புவதற்கு முந்தின நாள், அதே பழைய கமென்டுக்குக் கீழே கேட்டார். ‘தண்ணி விழுதா சார்?’

சாகுல் எழுதினார். ‘விழலை சார். வராதீங்க.’

மொத்த புக்கிங்கும் கேன்சல். அதைப் படித்த இன்னும் சிலரும் வரவில்லை. மும்தாஜின் சத்தம் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி எங்கள் அடுக்களைக்கே வந்தது.

“ஊருக்கெல்லாம் வராதீங்க, வராதீங்கன்னு எழுதுதியளே, ஆகஸ்ட் முடிஞ்சா நீங்க எங்கன போவிய? அதையும் அங்கனயே எழுதிப் போடுங்க!”

சத்தம் போட்டவள் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். நான் ஓடினேன். எனக்கும் சாகுல் மேல் ஆத்திரம்தான். “ஏன் தம்பி, பேசாம இருந்திருக்கக் கூடாதா? வந்த பிறகு பார்த்துக்கிடலாம்லா?” என்றேன்.

“எப்படிக்கா? சின்னப் பிள்ளைகளைத் தூக்கிட்டு அவ்வளவு தூரம் வருவாரு. வந்து பாறையப் பாப்பாரு. அடுத்து என்னையப் பாப்பாருல்லா... அப்ப நான் எங்கன பாக்க?”

மும்தாஜின் கண்ணைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பட்ட காலிலேயே படும் போலிருக்கிறது. அந்த வாரமே வெப்சைட் அண்ணாச்சி போன் செய்தார். எல்லாவற்றையும் சரிபார்த்தாராம். இப்போதெல்லாம் முக்கால்வாசி பிளாக்குகளில் கமென்டில் போடுகிற லிங்க்கின் மேல் ‘இதைக் கணக்கில் எடுக்காதே’ என்று கூகுளுக்கு ஒரு குறி தானாக விழுந்துவிடுமாம். சாகுல் ராத்திரி பகலாய் ஒட்டிய ‘அருமையான பதிவு’, ஸ்கூட்டரில் அலைந்து எழுதிய பதில்... எதுவும் செல்லாது. சைட் இன்னும் பதினோராவது பக்கம்தான். “ஸாரி கேட்டோ” என்று பாதி மலையாளத்தில் வருத்தப்பட்டு வைத்துவிட்டார்.

மும்தாஜ் பீரோவிலிருந்து சாகுலின் பாஸ்போர்ட்டை எடுத்து டிவி பக்கத்தில் வைத்தாள்.

சாகுல் மட்டும் மறுநாள் காலையிலும் ஸ்கூட்டரை எடுத்தார். அதுதான் கணக்கில் இல்லை என்று சொல்லிவிட்டார்களே, இன்னும் எதற்கு? கேட்டதற்கு, “நாலு பேரு கேட்டுருக்காவக்கா, பதில் சொல்லணும்லா” என்றார்.

ஆகஸ்ட் பிறந்ததும் மலை கறுத்தது. தென்காசி வரை சாரல் பறந்தது. ‘இன்னைக்கு விழுது. வாங்க’ என்று சாகுல் எழுதினார். மூன்றே வார்த்தை விளம்பரம்... அதற்குப் பிறகு அவர் போன் கீழே இறங்கவில்லை. மழை கூடி, குளிக்கத் தடை போட்ட நாளில் ‘இன்னைக்குத் தடை. நாளைக்குப் பார்த்துச் சொல்லுதேன்’ என்று எழுதினார். அதற்கும் ஜனங்கள் “சரி சார், நாளைக்குச் சொல்லுங்க” என்று காத்திருந்தார்கள்.

மதுரைக்காரர் பட்டாளத்தோடு வந்து இறங்கினார். “விழுதான்னு நாலு லாட்ஜ்ல கேட்டேன் சார். வராதீங்கன்னு சொன்னது நீங்க ஒரு ஆள்தான். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், வந்தா இங்கதான்னு” என்றார். போகும்போது ஐயப்ப சீசனுக்கு ஒரு வேன் ஆட்களை அனுப்புவதாய்ச் சொல்லிவிட்டுப் போனார். அவர் ஆபீஸ் ஆட்கள், ஆபீஸ் ஆட்களின் சொந்தக்காரர்கள் என்று அதற்குள்ளேயே பேசி வைத்திருக்கிறார்கள். கூகுள் கணக்கில் எடுக்காததை மனுஷர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது அந்த துபாய் போனுக்கு வருகிறேன்.

போன வாரம் மும்தாஜ் வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். சாகுல் வழக்கம்போல் அருவி பார்க்கப் போயிருந்தார். அவசரத்தில் அவர் போன் சார்ஜரிலேயே கிடந்தது. அது அடித்தது. மும்தாஜ் எடுத்தாள். முதலாளியின் குரல் எனக்கே கேட்டது — மாதம் முடியப் போகிறதே, ஆள் வருவாரா, மாட்டாரா?

மும்தாஜ் டிவி பக்கம் பார்த்தாள். பாஸ்போர்ட் அங்கேயேதான் இருந்தது. அதை எடுத்து முந்தானையால் துடைத்தாள். பீரோவைத் திறந்து துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். அதன் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“இங்கன தண்ணி விழுது முதலாளி. அவுக வரமாட்டாவ.”

சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பாத்திரத்தை எங்கே வைத்தேன் என்று இன்னும் தேடுகிறோம்.

துபாய் வரைக்கும் தெரிந்துவிட்டது. கூகுளுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.