கொட்டாப்புளி நின்ற ஞாயிற்றுக்கிழமை

பெரம்பலூர் கல்யாண மண்டபத்தை விட்டு பஸ் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். 1999 மாசி மாதம், ஞாயிறு, காலை பத்தரை மணி. மண்டபத்தில் கவியரங்கம். துறையூர் செங்கல் சூளையில் வேலை முடிந்ததும், ஒரே ஒரு கவிதை வாசிப்பதற்காக முப்பது கிலோமீட்டர் நடந்து வந்திருந்தேன். வாசலில் பெயர் எழுதியவர், "யாருப்பா நீ? என்ன படிச்சிருக்க?" என்றார். எட்டாவது என்றதும் பார்வையாளர் வரிசையைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

பின்னாலேயே ஒருவர் வந்து சேர்ந்துகொண்டார். ஜெயங்கொண்டத்துத் தையல்காரர், பெயர் ராசேந்திரன். அங்கே ஒரு கவிஞர் வட்டம் நடத்துகிறார். அன்று மாலையே கூட்டமாம்.

"படிப்பெல்லாம் கேக்க மாட்டோம். ஆனா எங்க வாசல் இதவிடக் கஷ்டம்ங்க" என்றார்.

அரியலூருக்கு ஆறு ரூபாய், நின்றுகொண்டே வந்தோம். அங்கிருந்து ஜெயங்கொண்டம் முப்பத்தைந்து கிலோமீட்டர், ஏழு ரூபாய். சுண்ணாம்புக்கல் லாரிகளின் வெள்ளைத் தூசி முகத்தில் படிய, அந்த வாசல் என்ன என்பதை ராசேந்திரன் சொன்னார். வட்டத்துக்கு மண்டபம் இல்லை. முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகை ஒன்றில், வேலை நிற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு இடம் கொடுத்திருக்கிறார்கள். இருபது பெண்கள் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியால் கொட்டைகளைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். எந்தக் கவிதைக்கு இருபது கையும் நிற்கிறதோ, அது மட்டும் ஆண்டுத் தொகுப்பில் அச்சாகும். போன வருடம் நின்றது மூன்றே முறை.

ஜெயங்கொண்டத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தோப்பு வழியாக நடை. காலையிலிருந்து நான் சாப்பிட்டிருக்கவில்லை. கொட்டகைக்கு முன்பே வறுக்கும் வாசம் வந்து சேர்ந்தது. பென்சிலை எடுத்துக் கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன்.

நான்கு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. பள்ளி ஆசிரியர் ஒருவர் நிலவைப் பற்றி வாசித்தார். தட்டல் சீராக நடந்தது. அடுத்து நான். செங்கல் சுமந்ததைச் சொன்ன இடத்தில் நாலைந்து கைகள் தயங்கின, மறுபடி தட்டின. கடைசி வரிகளுக்கு வந்தேன்.

வறுத்த முந்திரியின் வாசத்திலேயே
வயிறு நிறைந்து நடந்தேன்.

நடுவில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்த, எல்லோரும் மல்லிகா அக்கா என்று அழைத்த பெண்ணின் கொட்டாப்புளி அந்தரத்தில் நின்றது.

"வாசத்துல வயிறு நெறையுதா? யாரு சொன்னா ஒனக்கு? ஒரு நாளு இங்க வந்து ஒக்காந்து பாரு தம்பி. சோறே எறங்காது."

பக்கத்திலிருந்தவர் ஆமாம் என்றார். இன்னொருவர், தூரத்தில் போகிறவனுக்கு நிறையும்தான் என்று எனக்காகப் பேசினார். பேச்சு வரிசை வரிசையாகப் பரவியது. கொட்டகையில் ஒரு தட்டல் இல்லை.

சண்டைக்கு நின்றது கணக்கில்லை என்று ஆசிரியர் மறுத்தார். ராசேந்திரன் அவரை நிமிர்ந்து பார்த்து, "நின்னுச்சா இல்லையா சார்?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் நோட்டைப் பிரித்து என் பெயரை எழுதினார். நான் படித்த வகுப்பை யாரும் கேட்கவில்லை.

"அந்தக் கடேசி வரிய மட்டும் சரி பண்ணிக் குடு" என்றார் மல்லிகா அக்கா.

அதைச் சரி செய்ய எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. அன்றிரவு ராசேந்திரன் வீட்டில் தங்கி, அங்கே கட்டிக்கொடுத்த சோற்றோடு மறுநாள் காலை ஏழு மணிக்குக் கொட்டகைக்குப் போய் வேலை கேட்டேன். உடையும் முந்திரி ஓட்டிலிருந்து கசியும் பால் தோலைச் சுடாமலிருக்கக் கைகளில் சாம்பல் பூசிவிட்டு, ஒரு கொட்டாப்புளியைக் கொடுத்தார்கள். புகையில் கண் எரிந்தது. சாம்பலையும் மீறி விரல்கள் கறுத்தன. பதினொரு மணிக்கு எல்லோரும் தூக்குச்சட்டியைத் திறந்தோம். முதல் கவளம் என் தொண்டையிலேயே நின்றது.

எதிரே மல்லிகா அக்கா சிரித்தார்.

"என்ன கவிஞரே, வயிறு நெறஞ்சிடுச்சா?"