ஆடியில் வந்த வெள்ளை வண்டி

கார் விற்கிற கடையில் எனக்கு ஒரு சோபாவைக் காட்டினார்கள். "அம்மா, நீங்க இங்க உக்காருங்க, காபி வரும்" என்று சொல்லிவிட்டு, டை கட்டிய விற்பனைக்காரர் என் வீட்டுக்காரரையும் என் தம்பியையும் காரைக் காட்டக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். காபி வந்தது, சர்க்கரை இல்லாமல். யாருக்காக அந்தக் கார், எதற்காக நான் அங்கே வந்திருக்கிறேன் என்று என்னிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. எட்டாவது வரைக்கும்தான் படித்தவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வந்த கோபத்தில் மட்டும் பிழை இல்லை என்று இப்போதும் சொல்வேன்.

படாளத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. வீட்டுக்காரர் ரோட்டோரத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். ஒரே மகள். கூடுவாஞ்சேரியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போய்க் கடலில் முழுகிவிட்டு வருவது எங்கள் வீட்டு வழக்கம். அந்த மாசிக்கு மகளும் கூட வந்தாள். அப்போது அவளுக்கு மூன்றாம் மாதம்.

எங்களிடம் இருந்தது யாரோ ஓட்டிப் பழசான கார். போகும்போது நல்லபடியாகத்தான் போனது. திரும்பும்போது திருக்கழுக்குன்றம் தாண்டியதும் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. வண்டி நின்றுவிட்டது. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. மகள் ரோட்டோரமாகக் குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கடலில் நனைந்த சேலையை அவள் தலைக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். வீட்டுக்காரர் மூடியைத் தூக்கிவைத்துக்கொண்டு, "இதோ கெளம்பிடும், இதோ கெளம்பிடும்" என்று எங்களுக்குச் சொன்னாரோ வண்டிக்குச் சொன்னாரோ. கடைசியில் மீன் கூடை ஏற்றிய ஷேர் ஆட்டோ ஒன்றில் இடம் கிடைத்தது. அந்த வாடையில் என் மகள் பட்ட பாட்டைப் பெற்றவள் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஆவணியில் நாள் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரி செங்கல்பட்டில். வலி கண்டு கிளம்பும்போது வண்டி இப்படி நடுரோட்டில் நின்றால் என்ன செய்வது? வாங்கப்போகிற வண்டியைப் பற்றி எனக்கு இருந்த கேள்வி இது ஒன்றுதான்.

ஆனியில் கார் பார்க்கப் போனோம். தம்பி படூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கார் விஷயமெல்லாம் அவனுக்குத் தெரியும் என்று வீட்டுக்காரர்தான் கூப்பிட்டார். கடையில் எங்கள் கைக்கு எட்டுகிற மாதிரி இரண்டு வண்டி இருந்தது. ஒன்று சிவப்பு. உள்ளே டிவி மாதிரி திரை, கூரையில் கண்ணாடி. விலையும் குறைவு. கேட்ட அன்றைக்கே எடுத்துக்கொண்டு போகலாம். இன்னொன்று வெள்ளை. ஒன்றுமே கிடையாது, பின் ஜன்னலைக்கூடக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். அதற்குப் போய் ஐம்பதாயிரம் அதிகம், ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்கவும் வேண்டும்.

காபியை வைத்துவிட்டு எழுந்து போனேன். தம்பி கூரையைத் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இத பாரேன். வானம் தெரியுது!"

"நம்ம ஊரு வெயிலுக்குக் கூரையில ஓட்டை போட்டு, அதுக்குக் காசும் குடுக்கணுமாடா?"

விற்பனைக்காரர் சிரித்தார். நான் அவர் பக்கம் திரும்பினேன். "ஏன் சார், இது வழியில நின்னுபோச்சுன்னா இன்னா பண்றது?"

"புது வண்டி நிக்காதும்மா. அப்படியே நின்னாலும் ஒரு நம்பர் இருக்கு, போன் பண்ணா ஆள் வந்துடும்."

"எவ்ளோ நேரத்துல?"

"அது நீங்க இருக்கிற இடத்தைப் பொறுத்தும்மா."

"ரிப்பேருக்கு எங்க வுடணும்?"

"தாம்பரத்துல நம்ம சர்வீஸ் இருக்கு."

படாளத்தில் நின்ற வண்டியை நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் தாம்பரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொல்கிறார்! வெள்ளை வண்டியோ, எங்கள் ஊரில் வாடகைக்கு ஓடுகிற கார்களில் பாதி அதுதான். பக்கத்து மதுராந்தகத்தில் எந்த மெக்கானிக்கும் கை வைப்பான். இதைச் சொன்னால் தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னாக்கா நீ, அது டாக்ஸி வண்டிக்கா! மாமா அதுல எறங்குனா, டிரைவர் அண்ணாத்த வர்றாருன்னு சொல்லுவானுங்க."

"சொல்லிட்டுப் போறானுங்க. நாள் பூரா ஓட்டிப் பொழைக்கிறவன் நிக்கற வண்டியவா வாங்குவான்?"

இப்போது வீட்டுக்காரர் குறுக்கே புகுந்தார். "இந்தா, ஆடி பொறக்கறதுக்குள்ள வண்டி வூட்டுக்கு வந்தாவணும். ஆடியில எவனாவது வண்டி எடுப்பானா? வளைகாப்புக்கு சம்பந்தி வூட்டாளுங்க வர்றப்ப வாசல்ல மாலை போட்டு நிக்கணும்."

"வாசல்ல நிக்கறதுக்கா வண்டி? அதுக்குப் பழசே போதுமே, நல்லா நின்னுகினுதான கீது!"

விற்பனைக்காரர் திரும்பிக்கொண்டு சிரித்தார். வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒன்றும் முடிக்காமல் கிளம்பினோம்.

ஊருக்கு வந்ததும் அவர், "நீயும் வேணாம் நானும் வேணாம், ஆத்தாகிட்ட பூ கேட்டுடலாம்" என்றார். எங்கள் பக்கம் வரன் முடிப்பதென்றாலும் கிணறு வெட்டுவதென்றாலும் எல்லையம்மனிடம் பூ கேட்போம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் ஒரே மாதிரி மடித்து அவள் காலடியில் வைப்போம். மனதில் கேள்வியை நினைத்துக்கொள்ள, பூசாரி ஒரு மடிப்பை எடுத்துக் கொடுப்பார். வந்த பூதான் அவள் வாக்கு. அதற்குமேல் பேச்சே கிடையாது. நானும் சரி என்றேன். ஆத்தா என் மகளைப் பார்த்துக்கொள்ள மாட்டாளா என்ற நம்பிக்கைதான். வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்கு அரளி. வீட்டுக்காரர் கண்ணை மூடி நின்றார். பூசாரி எடுத்துக் கொடுத்ததைப் பிரித்தால் அரளி.

அவள் சொன்ன பிறகு நான் யார்? விபூதியைப் பூசிக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். பாதி வழியில் எனக்கு ஏனோ கேட்கத் தோன்றியது.

"இன்னாங்க, ஆத்தாகிட்ட இன்னான்னு கேட்டீங்க?"

"இன்னான்னு கேப்பாங்க? ஆடிக்கு முன்னால எந்த வண்டிம்மா என் வூட்டுக்கு வரணும்னு கேட்டேன்."

ரோட்டிலேயே நின்றுவிட்டேன். ஆடிக்கு முன்னால் வரக்கூடிய வண்டி ஒன்றே ஒன்றுதான். அதைக் கடைக்காரரே சொல்லிவிட்டார். அதற்கு ஆத்தா எதற்கு?

"நீ அவ வாயக் கட்டிட்டுக் கேட்டுகீற! வேற எந்தப் பூவக் குடுப்பா அவ? உன் பொண்ணு நல்லபடியா போய்ச் சேர எந்த வண்டிம்மா வேணும்னு கேட்டியா? கேக்கலல்ல?"

"கத்தாதடி, ஊரே பாக்குது."

"பாக்கட்டும். ஆடியில வண்டி எடுத்தா ஆவாதுன்னு யார் சொன்னா? ஆடி யாரு மாசம்? அவ மாசம். கூழு ஊத்தறோம், தீ மிதிக்கறோம், வேப்பிலை கட்டறோம். அவ மாசத்துல அவ புள்ளைக்கு ஒரு வண்டி வந்தா அவளுக்கு ஆவாதா? அப்ப அவளுக்கு ஊத்தற கூழு மட்டும் எதுக்கு?"

அவர் என் மேல் கோபமாக உரக்கடைக்குப் போய்விட்டார். எனக்கும் பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். பூ வந்த பிறகு மறுத்தவர்கள் எங்கள் ஊரில் இல்லை. திரும்பவும் கோயிலுக்குப் போனேன். பூசாரி நடை சாத்திக்கொண்டிருந்தார். கம்பிக்கு வெளியே நின்றே சொன்னேன். "தாயே, அவர் கேட்டதுக்கு நீ பதில் சொல்லிட்ட. நான் கேக்கறது வேற. தப்புன்னா தண்டனைய எனக்குக் குடு. என் பொண்ண ரோட்டுல நிக்க வெச்சுடாத." அழுதேன். அவள் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது.

மறுநாள் நானே அந்தக் கடைக்குப் போன் போட்டேன்.

"அம்மா, வெள்ளை வண்டின்னா ஆடியிலதான் வரும். நீங்கல்லாம் ஆடியில டெலிவரி எடுக்க மாட்டீங்களே?" என்றார் விற்பனைக்காரர்.

"நாங்க எடுப்போம்."

"நெஜமாவாம்மா? அப்ப ஒண்ணு செய்யலாம். ஒருத்தர் ரொம்ப நாள் முன்னாடியே புக் பண்ணி வெச்சிருக்கார். ஆடி வேணாம், ஆவணியில தாங்கன்னு தள்ளிப்போட்டுட்டார். அவரு வண்டிய உங்களுக்குத் தர்றேன். சீக்கிரமே வந்துடும்."

ஆத்தா எனக்கும் பதில் சொல்லிவிட்டாள் என்று கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். ஆடி அவள் மாசம் என்று நான் சொன்னதற்குப் பிறகு வீட்டுக்காரர் ஆடியை இழுக்கவில்லை, அந்த அதிகப்படி ஐம்பதாயிரத்துக்குத்தான் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். வளைகாப்புக்குப் பேசி வைத்திருந்த பந்தல் அலங்காரமும் மைக் செட்டும் வேண்டாம் என்றேன். கடையில் தலையில் கட்டப் பார்த்த சீட் உறை, வாசனைப் புட்டி, கம்பி, விளக்கு எல்லாவற்றையும் பில்லிலிருந்து அடிக்கச் சொன்னேன். அதிலேயே பெரும்பகுதி சரிக்கட்டி வந்தது. வளைகாப்பில் ஏழு வகைச் சோற்றில் ஒன்றும் குறைக்கவில்லை. சம்பந்தி வீட்டார் நன்றாகச் சாப்பிட்டார்கள். வாசலில் என்ன நிற்கிறது என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றையிலிருந்து மகளை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம்.

ஆடி இரண்டாம் வெள்ளி வண்டியை எடுக்கப் போனோம். அவ்வளவு பெரிய கடையில் அன்றைக்கு வண்டி எடுக்க வந்தது நாங்கள் மட்டும்தான். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, நேராக எல்லையம்மன் கோயிலுக்கு ஓட்டச் சொன்னேன். கூழ் ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். "ஆடியில எடுத்துகீறாங்களே" என்று காதில் விழுகிற மாதிரியே பேசினார்கள். சரி, பேசட்டும். பூசாரி வண்டி முன்னால் வேப்பிலையைச் செருகிவிட்டுப் போனார்.

ஆவணியில் ஒரு நாள், மதியச் சாப்பாடு நேரத்தில், மகள் அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றாள். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளைப் பின்சீட்டில் சாய்த்து, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் சாவியைத் திருப்பினார். அந்த ஒரு நொடி நான் சாமி பெயரைக்கூடச் சொல்லவில்லை, மூச்சே விடவில்லை. வண்டி கிளம்பியது.

பாலாற்றுப் பாலத்தில் நெரிசல். முன்னால் லாரி, பின்னால் பஸ். பழைய வண்டியாக இருந்தால் அங்கேயே பொங்கியிருக்கும். மகள் என் கையை நெரித்தாள். வீட்டுக்காரருக்குச் சட்டை முழுக்க வேர்வை. நொடிக்கொரு தரம் முன்னால் இருக்கிற சூட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"ரோட்டப் பாருங்க, அதப் பாக்காதீங்க" என்று அதட்டினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆயாக்கள் தள்ளுநாற்காலி கொண்டுவந்து மகளை இறக்கினார்கள். வீட்டுக்காரர் வண்டியை அணைக்காமல் அப்படியே இறங்கி ஓடிவந்தார். பழைய வண்டியில் வந்த பழக்கம் அது. அணைத்தால் திரும்பக் கிளம்புமோ கிளம்பாதோ என்று, எங்கே போனாலும் ஓடவிட்டே வைத்திருப்பார்.

காவலாளி கத்தினார். "யோவ், இன்னாய்யா வண்டிய ஓடவுட்டுட்டுப் போற? பொகை உள்ள வருது. ஆஃப் பண்ணிட்டு ஓரமா போடு!"

அவர் வண்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் வண்டியைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். வாயால் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"அணைங்க. திரும்பக் கெளம்பும்" என்றேன்.

போய் அணைத்தார். நான் மகளுக்குப் பின்னால் உள்ளே ஓடினேன்.