எனக்குக் கிளட்ச் வராது

எங்கள் சொந்தபந்தத்தில் கொஞ்ச வருஷம் எனக்கு ஒரு பெயர் இருந்தது. கிளட்ச் மிதிக்கத் தெரியாதவள். கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் பெயரை யாரும் எனக்குச் சும்மா வைத்துவிடவில்லை. நானாகத் திட்டம் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வியர்க்க விறுவிறுக்க உழைத்துச் சம்பாதித்தது அது.

என் காலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினான்கு வருஷம் நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அந்தத் தையல் மிஷினுக்கு அடியில் மோட்டார் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். வலது காலால் பெடலை அழுத்தினால்தான் அந்த ஓட்டம் ஊசிக்கு வரும். புதிதாக வருகிறவர்கள் காலை வைத்ததும் மிஷின் பறக்கும், துணி எங்கேயோ போய்ச் சுருட்டிக்கொள்ளும். இடது காலுக்கு இன்னொரு பெடல். அதை அழுத்தினால் துணியை அமுக்கிப் பிடித்திருக்கும் இரும்புப் பாதம் மேலே தூக்கும், துணி விடுபடும். இரண்டு காலும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி வேலை செய்ய வேண்டும். நான் நினைத்தால் ஒரே ஒரு தையல் போட்டு நிறுத்துவேன். எங்கள் லைனில் அப்படி நிறுத்த இன்னொரு ஆள் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் வேன் டிரைவர். நிட்டிங்கிலிருந்து டையிங்குக்கும், டையிங்கிலிருந்து கட்டிங்குக்கும் நாள் முழுக்கத் துணி ஏற்றிக்கொண்டு ஓடுவார். மாட்டு வண்டி திரும்பாத சந்தில் அவர் வேனை ரிவர்ஸ் எடுப்பதைப் பார்க்க டீக்கடையில் நிற்கிறவர்கள் டீயைக் கீழே வைத்துவிட்டுத் திரும்புவார்கள். அவருக்கு வேறு எதிலும் அவ்வளவு சந்தோஷம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. என்னைக் கட்டிக்கொண்டதில்கூட அதற்கு அடுத்தபடிதான் என்று நான் சண்டை போட்டிருக்கிறேன்.

பிறகு நாங்கள் ஊத்துக்குளி ரோட்டில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, பன்னிரண்டு மிஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்கைச் சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தோம். இரண்டாம் வருஷம், சாயம் போட்டு வந்த துணி ரோல்களை இறக்கும்போது அடுக்கு சரிந்து அவருடைய இடது காலில் விழுந்தது. கணுக்காலில் பிளேட் வைத்தார்கள். நடை வந்துவிட்டது. ஆனால் பாதம் முன்னும் பின்னும் மடங்குவது நின்றுபோனது. கிளட்ச் மிதிக்கிற வேலை இனி வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். இவர் கேட்கவில்லை. ஒரு நாள் வேனை எடுத்தார். மூன்றாவது கியர் போடுவதற்குள் முகமெல்லாம் வியர்த்து, வண்டியை எங்கள் கேட்டுத் தூணிலேயே உரசி நிறுத்தினார். இறங்கி, சாவியைச் சம்பளத்துக்கு வைத்திருந்த டிரைவரிடம் கொடுத்துவிட்டு, "வண்டீல என்னமோ கோளாறு, பாரு" என்றார். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. அதன் பிறகு நாலு வருஷம் அவர் இடது பக்க சீட்டில்தான் உட்கார்ந்தார். ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டவர்களிடம், டிரைவர் எதற்கு இருக்கிறான் என்று சமாளிப்பார். ரோட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடி வருவார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்காது.

அப்போதுதான் கார் வாங்குகிற பேச்சு வந்தது. எங்கள் ஊரில் அந்த வருஷங்களில் நாலு நல்ல ஷிப்மென்ட் போனால் அடுத்தது கார்தான். என் மனசில் ஒன்றே ஒன்று இருந்தது. ஆட்டோமேட்டிக் வாங்க வேண்டும், இவர் மறுபடி ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும். அதில் இடது காலுக்கு வேலையே இல்லை என்று ஆர்டர் கொடுக்கிற ஒரு பையர் வந்த காரைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தேன்.

ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஆட்டோமேட்டிக் என்றாலே முகம் சுளிப்பார்கள். மைலேஜ் கொடுக்காது, ரிப்பேர் பார்க்க மெக்கானிக் கிடையாது, விற்கப் போனால் ஒருவரும் தொட மாட்டார்கள். இதையெல்லாம் எங்களுக்கு எடுத்துச் சொன்னது என் அண்ணன். அவனிடம் ஏற்கெனவே கியர் வண்டி ஒன்று இருந்ததால் உலகத்திலுள்ள எல்லாக் காருக்கும் அவன்தான் அத்தாரிட்டி.

"ஆட்டோமேட்டிக்கெல்லாம் ஓட்டத் தெரியாதவிய வாங்கறதுங் மாப்ளை," என்றான்.

"அதேதான் மச்சான். கியர் வண்டியே எடுத்துக்கலாம். ஒரு டிரைவரப் போட்டுக்கலாம்," என்றார் இவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

'உங்கள் காலுக்காக' என்று நான் வாயைத் திறந்திருந்தால் அவர் காரே வேண்டாம் என்றிருப்பார். டாக்டர் சொன்னதை முன்பு ஒரு தடவை ஞாபகப்படுத்தினதற்கே இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வேன் ஓட்டியே பேர் எடுத்தவருக்குக் கால் ஆகாது என்று ஊர் சொல்லக்கூடாது. அதைவிடச் சும்மா உட்கார்ந்து வருவது மேல் என்று முடிவு செய்திருந்தார்.

நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கற்றுக்கொடுத்தவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். முதல் நாள் வண்டி ஒரு தடவை குலுங்கி நின்றது. இரண்டாம் தடவை என் இடது காலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அழுத்தினால் விடுபடுகிறது, மெல்ல விட்டால் பிடிக்கிறது. பதினான்கு வருஷமாக நான் செய்ததுதான். வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

"யக்கா, இதுக்கு முன்னாடி எங்கயும் ஓட்டியிருக்கியளா?" என்று கேட்டார் அவர்.

"இல்லீங்க," என்றேன். சொல்லும்போதேதான் எனக்கு அது உறைத்தது. நான் இவ்வளவு சுலபமாக ஓட்டிவிட்டால், கியர் வண்டியே வந்து சேரும், நான் ஓட்டுவேன், இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்ப்பார். வீட்டுக்கு வந்து, "எப்படி இருக்குது கிளாஸு?" என்று அவர் கேட்டபோது, "அந்தக் கிளட்ச் ஒண்ணுதானுங்க புடிபடவே மாட்டீங்குது," என்றேன். பொய் அவ்வளவு லேசாக வந்ததில் எனக்கே ஆச்சரியம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தன் வண்டியோடு வந்தான். ஊருக்கு வெளியே ஒரு காலி மைதானத்தில் எனக்குச் சொல்லித் தருவதாக ஏற்பாடு. இவர் வேப்பமர நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் வண்டியைப் பதினோரு தடவை ஆஃப் செய்தேன். ஓட்டுவதைவிட ஓட்டத் தெரியாத மாதிரி நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கால் தானாகச் சரியாக வேலை செய்யப் பார்க்கும். நான் அதை அடக்கி, பட்டென்று தூக்க வேண்டும். வண்டி தவளை மாதிரி எகிறி நிற்கும். அண்ணன் டாஷ்போர்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அலறினான்.

"ஏனம்மிணி, என்ற வண்டியக் கொன்னே போட்டியா! மிஷின் மிதிக்கற காலா இது?"

நான் கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கி, நேராக இவரிடம் போனேன். "இந்தக் கிளட்ச் எனக்கு ஆகாதுங்க. டிரைவர் கையில குடும்ப வண்டியக் குடுக்கறதுக்கும் நான் ஒத்துக்க மாட்டேன். எடுத்தா ஆட்டோமேட்டிக் எடுங்க, இல்லீனா வண்டியே வேண்டாம்," என்று சத்தமாகச் சொன்னேன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். இவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி, போய்ப் பாக்கலாம்," என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஷோரூமில் ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. விற்கிறவரே எங்களைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். என்னை ஓட்டச் சொல்லி, இவர் பக்கத்தில் உட்கார்ந்தார், விற்கிறவர் பின்னால். ஷோரூம் வளாகத்துக்குள்ளேயே ஒரு சுற்று. கிளட்சையே நடித்துச் சமாளித்தவளுக்கு இது எம்மாத்திரம் என்று ஏறினேன். சுற்றி வந்து வாசலில் நிறுத்துவதற்காகக் காலைத் தூக்கினேன். வண்டி நிற்கவில்லை. மெல்ல ஊர்ந்துகொண்டே போனது. ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ஆட்டோமேட்டிக் ஊரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

தையல் மிஷினில் காலைத் தூக்கினால் நிற்கும். உடனே நிறுத்த வேண்டுமென்றால் குதிங்காலால் பெடலைப் பின்பக்கம் அழுத்துவோம். பயத்தில் என் கால் அதைத்தான் செய்தது. குதிங்காலை ஊன்றி ஊன்றி மிதிக்கிறேன், அடியில் வெறும் ரப்பர் மேட்தான் இருக்கிறது. எதிரே வரிசையாகப் பூந்தொட்டி. பின்னால் இருந்தவர் "மேடம், மேடம்" என்கிறார். இது நடிப்பில்லை, நிஜமாகவே எனக்கு உயிர் போய்விட்டது. தொட்டிக்கு ஒரு முழம் இருக்கும்போது இவர் கைப்பிரேக்கை இழுத்தார். வண்டி நின்றது.

"அம்மிணி, குதிங்கால எடு. இது ஓவர்லாக் இல்ல," என்று சொல்லிவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் இறங்கிப் போயிருப்பேன். அதற்குள் அவர், "எறங்கு, நான் ஒருக்கா ஓட்டிக் காட்டறேன்," என்றார்.

நாலு வருஷம் கழித்து அவர் வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். இடது கால் முதலில் முன்னால் போய்க் கிளட்சைத் தேடியது. ஒன்றும் இல்லை என்றதும் அதை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டார். வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார் என்று நினைத்தால், கேட்டைத் தாண்டி வெளியே போய்விட்டார். விற்கிறவர், "சார், இவ்வளவு தூரம் போகக்கூடாதுங்க," என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். காங்கேயம் ரோட்டில் வெகுதூரம் போய், ஒரு அரிசி மில் வாசலில் லாரிகளுக்கு நடுவே ஒரே வீச்சில் திருப்பிக்கொண்டு வந்தார். வழி முழுக்க விசில் அடித்தார். நான் பின் சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கிருந்த சந்தோஷத்தில் பேசினால் உளறிக் கொட்டியிருப்பேன்.

வண்டி வந்தது. பழி எனக்கு வந்தது. பெட்ரோல் கூடப் பிடித்தால் என்னால். சர்வீஸுக்குக் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தால் என்னால். நானும் அவ்வப்போது ஓட்டினேன், ஆனால் முக்கால்வாசி இவர்தான். 'பொண்டாட்டிக்குன்னு வாங்கிட்டு அவரே ஓட்டறாரு' என்று அதற்கும் சிரித்தார்கள். சொந்தக்காரர்கள் சிரித்ததை நான் துடைத்துப் போட்டுவிட்டேன். எங்கள் ஷெட்டில், என் கண்முன்னால் தொழில் பழகின டெய்லர்கள் சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொல்லிச் சிரித்தது மட்டும் வலித்தது. அன்றைக்கு மத்தியானம் காரணமே இல்லாமல் நாலு பேரைத் திட்டினேன். இருந்தாலும் உண்மையைச் சொல்ல நினைத்ததில்லை. இவர் காலையில் காரைத் துடைக்கும்போது அடிக்கிற விசிலைக் கேட்டால் போதும், எனக்கு எதுவும் பெரிதாகத் தெரியாது.

மூன்று வருஷம் அப்படிப் போனது. உடுமலைக்கு அந்தப் பக்கம் கொமரலிங்கம் என்கிற ஊரில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் இவர் ஒரு வரிசை, எதிர் வரிசையில் அண்ணன், அவனுக்குப் பக்கத்தில் நான். சுற்றிலும் முழுக்க எங்கள் ஆட்கள். அண்ணன் புதிதாக இன்னொரு கார் வாங்கியிருந்தான், அதுவும் கியர் வண்டி. அதைப் பற்றிப் பேச்சு வந்ததும் வழக்கம்போல் என் பக்கம் திரும்பினான்.

"நம்ம அம்மிணிக்கு ஒரு கிளட்ச் வந்திருந்தா மாப்ளை இந்த மாதிரி வண்டி எடுத்திருப்பாரு. இவளுக்கோசரம் பொம்ம வண்டி ஓட்டிட்டுத் திரியறாரு பாவம்."

பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், பழக்கம்தானே. இவர் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"மச்சான், அவளுக்குக் கிளட்ச் நல்லா வரும். எனக்குத்தான் காலு மடங்காது. அந்த வண்டி எனக்கோசரம் வாங்குனது."

ரசம் ஊற்ற வந்தவர் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். "ஊத்துங்க," என்று இவர் இலையில் குழி செய்து காட்டினார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். நான் இலையை மடித்துவிட்டேன்.

திரும்பி வரும்போது காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். உடுமலை தாண்டியதும் கேட்டேன், "எப்பத் தெரியுமுங்க உங்களுக்கு?"

"அன்னிக்கே தெரியும். மைதானத்துல ஒரு நாய்க்குட்டி குறுக்க வந்துச்சு. அதுக்கு மட்டும் அலுங்காம நிறுத்துன."

அந்த நாய்க்குட்டியே எனக்கு ஞாபகமில்லை. "தெரிஞ்சிருந்துமா மூணு வருஷம் என்னைய எல்லாருஞ் சிரிக்க உட்டீங்க?" என்று கத்தினேன். நிஜமான கோபம்தான் அது.

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வாயத் தொறந்து சொல்றதுக்கு எனக்கு இத்தன நாளாயிப்போச்சு அம்மிணி," என்றார்.