டிராம்போன் நின்ற இடத்தில் ஒரு சிரிப்பு

ஷார்ஜாவில் வேலை பார்த்த காலத்தில் நான் ஒரு பெண்ணின் சிரிப்பை அழித்தேன். அவள் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தாள். அவள் குரல் என்று உலகத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதுவும் ஒரு பழைய ரீல் டேப்பில், இங்கிலாந்து ஜாஸ் பேண்டு ஒன்றின் சத்தத்துக்கு நடுவில், மூன்று வினாடி. அதைக் கேட்கத்தான் அவள் புருஷன் டேப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். அழித்தது தெரியாமல் செய்த தப்பு. அதற்கப்புறம் செய்தது தெரிந்தே செய்தது.

கடை ரோலா பஜாரில், ஊருக்குப் பணம் அனுப்புகிற ஒரு எக்ஸ்சேஞ்சுக்கும் பனியன் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. முதலாளி கீழக்கரைக்காரர். கல்யாண வீடியோ மிக்ஸிங், கேசட்டை சிடியாக்குவது, பாஸ்போர்ட் போட்டோ, எல்லாம் உண்டு. ரெண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆன சமயம். கேசட்டுகளுக்குப் பூஞ்சை பிடித்துக்கொண்டிருந்ததால் எங்கள் பிழைப்பு நன்றாக ஓடியது.

வந்த கேசட்டுகளில் பாதிக்கு மேல் பேச்சுக் கேசட்டு. எண்பதுகளில் வளைகுடாவுக்கு வந்த நம்மாட்கள் ஊருக்குக் கடிதம் எழுதுவதோடு கேசட்டிலும் பேசி அனுப்புவார்கள். ஊரிலிருந்தும் பேசி அனுப்புவார்கள். லீவில் போகிறவன் கையில் அல்வாவோடு அதுவும் போகும். அதையெல்லாம் பத்திரமாக வைத்திருந்தவர்கள் இப்போது சிடியாக்க வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்: "தம்பி, இரைச்சலை எல்லாம் எடுத்துட்டுச் சுத்தமாப் போட்டுக் குடுங்க." குக்கர் விசில், பக்கத்து வீட்டு ரேடியோ, பஸ் ஹாரன், இருமல், பேசிக்கொண்டிருக்கும்போதே யாரையோ "ஏ, கதவைச் சாத்து" என்று அதட்டுவது, எல்லாம் வேண்டாம். பேச்சு மட்டும் நிற்க வேண்டும். அதில் நான் கில்லாடி. கத்தி வைத்த இடம் தெரியாது. முதலாளியே மற்ற கடைக்காரர்களிடம் "எங்க தம்பி கை வச்சா அட்சர சுத்தம்" என்று பீற்றிக்கொள்வார். எனக்கும் தலை கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வெள்ளைக்காரர் வந்தார். அறுபதைத் தாண்டின ஆள், நெட்டையாக, வெயிலில் சிவந்துபோன கழுத்தோடு. துறைமுகத்தில் எஞ்சினியர். இருபது வருஷத்துக்கு மேல் இங்கேயே இருந்திருக்கிறார். விசா கேன்சல் ஆகிவிட்டது, மாதம் முடிவதற்குள் கிளம்பவேண்டும் என்றார். எனக்கு உள்ளுக்குள் அற்ப சந்தோஷம். வெள்ளைத் தோலாக இருந்தால் என்ன, விசா கொடுத்த கஃபீல் கையை விரித்தால் இவனுக்கும் கலாஸ்தானே, கதை முடிந்ததுதானே என்று நினைத்துக்கொண்டேன். புத்தி அப்படித்தான் போனது.

பையிலிருந்து இரண்டு ரீல் எடுத்து வைத்தார். வாலிபத்தில், இங்கிலாந்தில் ஏதோ ஒரு வடக்கத்தி ஊரில், பகலெல்லாம் பட்டறையில் வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு பெரிய ஜாஸ் பேண்டில் வாசித்தாராம். பதினாறு பேர் உள்ள பேண்டு. இவர் இரண்டாவது டிராம்போன். டிராம்போன் என்றால் இழுத்து இழுத்து ஊதுகிற அந்த நீளப் பித்தளைக் குழல். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு கச்சேரியைத்தான் யாரோ நண்பர் மைக் வைத்துப் பதிவு செய்திருக்கிறார். அந்த நண்பர் செத்து, அவர் மகன் வீட்டை ஒழிக்கும்போது கிடைத்து, பார்சலில் அனுப்பியிருக்கிறான். "நான் இதை இதுவரைக்கும் கேட்டதே இல்லை," என்றார். பிறகு, "எதையும் தொடவேண்டாம். இருக்கிறது இருக்கிறபடி வேண்டும்," என்றார். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். எனக்கு நன்றாகவே புரிந்தது.

புரிந்தும் நான் கேட்கவில்லை. எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள், சுத்தம் செய்ததைக் கேட்டதும் வாயைப் பிளப்பார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். இவனுக்கும் நம்ம கைவரிசையைக் காட்டுவோம் என்று நினைத்தேன்.

மத்தியானம் ஒரு மணிக்குக் கடையை மூடி நாலு மணிக்குத் திறப்போம். அந்த இடைவெளியில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ரீலை மெஷினில் ஏற்றினேன். அங்கத்திய ஈரமும் இங்கத்திய வெயிலும் சேர்ந்து டேப்பை நாசமாக்கியிருந்தன. ஓடும்போதே கீச்சென்று கத்தியது. டேப் உரசி ஓடுகிற ஹெட்டில் துரு மாதிரி பழுப்புப் பொடி கொட்டியது. நிறுத்தியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட டேப்பை இளஞ்சூட்டில் வைத்துப் பதமாக்கி ஓட்டவேண்டும் என்று பின்னால் படித்தேன். அன்றைக்கு என் புத்தியில், ஒரு தடவை ஓடி கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் போதும் என்பதுதான் இருந்தது. ஏறியது. பதிவெல்லாம் பொடியாக உதிர்ந்து, ரீலில் அதற்கப்புறம் வெறும் நாடாதான் இருந்தது.

பாட்டு என்னமோ முதலில் எங்கள் ஊர் பேண்டு செட் மாதிரி பட்டது. இரண்டாவது தடவை கேட்டபோது ஆளை இழுத்தது. பதினாறு பேரும் ஒரே மூச்சில் ஏறுவார்கள், சட்டென்று விலகி ஒருத்தனுக்கு வழி விடுவார்கள். அவன் தனியாக அலைந்துவிட்டு வருவான். ஆனால் கேட்க வந்த சனங்களின் ஒழுங்கு எனக்குப் பிடிக்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கத்துகிறார்கள், கண்ணாடி டம்ளர் மோதுகிறது, யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். ஒவ்வொன்றாக எடுத்தேன். பாட்டு முடிவில் வரும் கைதட்டலை மட்டும் விட்டேன். அது மரியாதை, இருக்கட்டும் என்று.

கடைசிப் பாட்டில் ஒரு இடம். டிராம்போன் தனியாக ஊதி நிற்கிறது. பேண்டு முழுக்க ஒரு மூச்சு அடங்கி இருக்கிறது. அந்த அமைதியில் ஒரு பெண் சிரிக்கிறாள். கூச்சநாச்சமே இல்லாத சிரிப்பு. மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். சிரித்து முடித்து இரண்டு தடவை இருமுகிறாள். உடனே பேண்டு தடதடவென்று உள்ளே வருகிறது. முதல் தடவை கேட்டபோது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல இடத்தில் வந்து கெடுத்தாளே மகராசி என்று சொல்லிக்கொண்டே அந்த மூன்று வினாடியை ஊமையாக்கினேன். வேலை முடிந்ததும் பழைய ஃபைலை அழித்தேன். கம்ப்யூட்டரில் இடம் போதாது, முடித்ததை உடனே அழிப்பதுதான் கடை வழக்கம்.

நாலு நாள் கழித்து வந்தார். ஸ்டூலில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் வலது கை தானாக எழும்பி முன்னும் பின்னும் போனது. இல்லாத குழலை இழுத்துக்கொண்டிருந்தார். முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கடைசிப் பாட்டில், அந்த இடத்தில், கை அப்படியே நின்றது. முகத்தை லேசாக ஒரு பக்கம் சாய்த்துக் காத்திருந்தார். பேண்டு உள்ளே வந்துவிட்டது. கை நின்றபடியே இருந்தது.

திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இங்கே என் மனைவி சிரிக்கவேண்டும்," என்றார்.

அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். கல்யாணமான புதிது. இவர் தனியாக ஊதி நிறுத்துகிற அந்த இடத்தில் அவள் முன்வரிசையில் உட்கார்ந்து வேண்டுமென்றே சிரிப்பாள், இவரைத் தடுமாற வைக்க. எல்லாக் கச்சேரியிலும் அப்படித்தான். டிரம்பெட்டுகளை விடச் சத்தமாகச் சிரிப்பாள் என்றார். இரண்டு வருஷத்துக்கு முன் இங்கேதான் இறந்திருக்கிறாள், இங்கேதான் அடக்கம். போட்டோ நிறைய இருக்கிறது, குரல் எதிலும் இல்லை. மாதக் கடைசியில் கல்லறையை விட்டுவிட்டுப் போகவேண்டும், போகும்போது அந்தச் சிரிப்பையாவது எடுத்துப் போகலாம் என்று நினைத்தாராம். இதை அவர் முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாத ரோலாக் கடைக்காரனிடம் இதை எப்படிச் சொல்வார் மனுஷன்?

"டேப்பில் இருந்தது இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

முதலாளி பக்கத்தில் நின்றார். எனக்கு அந்த மாதம்தான் விசா புதுப்பிக்கவேண்டும். எனக்கு முன்னால் இருந்தவன் ஒரு நிக்காஹ் டேப்பைத் தொலைத்ததற்காக ஊருக்கு அனுப்பப்பட்டவன். பயம் பாதி, திமிர் பாதி. "இவ்வளவுதான் சார். இருந்ததை எல்லாம் போட்டுட்டேன்," என்றேன்.

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்படியானால் அன்றைக்கு அவள் வரவில்லை போலிருக்கிறது," என்றார். சிடியையும் ரீல்களையும் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அழித்த ஃபைலைத் தோண்டி எடுக்க இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். அதன் மேல் யாருடையதோ வளைகாப்பு வீடியோ ஏறிவிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஊருக்குப் போன் செய்தபோது என் மனைவியிடம் கொட்டிவிட்டேன். எப்போதும் போன் கார்டில் நிமிஷம் ஓடுகிறது என்று பரபரப்பவள், அன்று கடைசிவரை கேட்டாள். பிறகு, "நான் செத்த பிறகு, நான் உங்களைத் தேடி வரவே இல்லைன்னு ஒருத்தன் உங்ககிட்ட சொன்னா நல்லாருக்குமா? இன்னைக்கே போய் உண்மையச் சொல்லுங்க. வேலை போனா போகட்டும், கஞ்சியோ கூழோ இங்க வந்து குடிச்சுக்கலாம்," என்றாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பில்லில் விலாசம் இருந்தது. மத்தியான வெயிலில் டாக்ஸி பிடித்துப் போனேன். பழைய வில்லா. கேட் திறந்து கிடந்தது. கூடத்தில் கார்ட்டன் பெட்டிகள், உருட்டி வைத்த கம்பளம். வாசலில் முனிசிபாலிட்டி குப்பைத் தொட்டிக்குள் அந்த இரண்டு ரீலும் கிடந்தன. அவர் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டாரே தவிர, கோபமில்லாமல் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். இப்போது எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டதாம். அந்த வாரம் இரண்டு பேருக்கும் சண்டை, இவருடைய அம்மாவை வைத்து. அவர் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டார். அவள் வரமாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் அவள் வந்தாள் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "நேற்று கல்லறைக்குப் போய் அந்தச் சண்டைக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்," என்றார்.

"ஐயோ, இல்ல சார்!" என்று கத்தியேவிட்டேன். அவள் வந்திருந்தாள், சிரித்தாள், நான்தான் அழித்தேன், என் காதால் கேட்டேன், வேலைக்குப் பயந்து பொய் சொன்னேன் என்று கடகடவென்று ஒப்பித்தேன். தெரிந்த ஆங்கிலம் அத்தனையும் கொட்டினேன். எப்படிச் சிரித்தாள் என்று கேட்டார். முன்வரிசையில், டிரம்பெட்டை விடச் சத்தமாக, நீங்கள் நிறுத்தின அந்த இடத்தில் என்றேன்.

"இது நான் கடையில் உங்களிடம் சொன்னதுதானே," என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சொல்லாத ஒன்றைத் தேடினேன். "சிரிச்சு முடிச்சு ரெண்டு தடவை இருமினாங்க சார்," என்றேன். அவர் இல்லை என்கிற மாதிரி தலையை ஆட்டினார். அந்தக் காலத்தில் ஹால் முழுக்கச் சிகரெட் புகை, எல்லாரும்தான் இருமுவார்கள் என்றார். வேண்டுமானால் முதலாளியைக் கேளுங்கள் என்று சொல்ல வந்தேன். முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. அந்தச் சிரிப்பைக் கேட்டவன் நான் ஒருத்தன்தான்.

ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன். முப்பது வயசு ஆண்பிள்ளை, ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் தேம்பித் தேம்பி அழுதேன். அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். இவ்வளவு தூரம் வெயிலில் வந்து, வேலை போனாலும் பரவாயில்லை என்று தனக்காக ஒரு பொய் சொல்ல யாருக்கு மனசு வரும் என்றார். பிறகு குனிந்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, "அழாதீர்கள். அவள் வராமல் போனது உங்கள் தப்பா?" என்றார்.