பரமநாதன் மெச்சிய எலி

ஒஸ்லோ நகரத்துக் குரோருட்டுப் பரமநாதனுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்களைத்தான் பிடிக்கும். வடக்கு நோர்வேயின் பாட்ஸ்பியோர்ட் துறைமுகத்தில் மீன் வெட்டிய காலத்தில் கத்தி விரலைப் பதம் பார்த்தபோதுகூட, துணியைச் சுற்றிக்கொண்டு வேலையை முடித்துவிட்டுத்தான் மருந்து கட்டப் போனார். அந்தக் கதையை அவர் சொல்லாத கலியாண வீடு ஒஸ்லோவில் இல்லை.

இப்போது ஓர் ஆய்வுகூடத்தில் விலங்குகளுக்குத் தீனி போட்டுக் கூடு கழுவுகிறார். அங்கே அமெரிக்கப் பாலைவனத்துச் சுண்டெலிகள் சில இருக்கின்றன. உள்ளங்கைக்குள் அடங்கும் உருவம், தின்பதோ தேளை. தேள் மூக்கிலேயே கொட்டும். எலி ஒருதரம் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பாயும். அதை முதன்முதலில் பார்த்த அன்று பரமநாதனுக்குச் சொந்தக்காரனைக் கண்ட சந்தோஷம்.

"அதெல்லோ பிறப்பு!" என்று மனைவி செல்வமலரிடம் வந்து சொன்னார். "கொட்டு வாங்கியும் வாய் திறக்கேல்லை. நீர் தலையிடிக்கே ஊரைக் கூட்டுவீர்."

செல்வமலர் தைலப் போத்தலை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார்.

அடுத்த மாரிக் குளிரில் செல்வமலருக்கு வயிற்றில் வலி வந்தது. நோர்வே மொழி கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் தெரியும். மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யட்டுமா என்று மருத்துவ நிலையத்தில் கேட்டார்கள். பரமநாதன் வேண்டாம் என்றுவிட்டார். வருகிறவரும் நம்மவராகத்தான் இருப்பார், வீட்டுக் கதை மறுநாளே கோயில் அன்னதான வரிசையில் நிற்கும் என்று பயம்.

"உயிர் போற மாதிரிக் கிடக்கு எண்டு சொல்லுங்கோ," என்றார் செல்வமலர்.

பரமநாதனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "கொஞ்சம் நோகுதாம்," என்று மருத்துவரிடம் சொன்னார். அந்தளவு நோர்வே மொழி செல்வமலருக்கும் விளங்கும். கணவரை ஒருதரம் திரும்பிப் பார்த்தார், திருத்தவில்லை.

மாத்திரையோடு வீடு வந்தார்கள். இரண்டொரு நாளில் பித்தப்பை வெடித்தது. மயிரிழையில்தான் பிழைத்தார்; பனி கரையும்வரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். கட்டிலருகே இருந்து அழுத பரமநாதனை அவர் ஏசவேயில்லை. ஏசியிருக்கலாம்.

நேற்று வேலையில் கூட்டின் மூடி தவறி எலி ஒன்றின் காலில் விழுந்தது. அது கீச்சென்று கத்தி, காலைத் தூக்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கியது. அங்கே ஆராய்ச்சி செய்யும் கோயம்புத்தூர்ப் பெண் தீப்தி ஓடிவந்தாள்.

"இதுக்கு நோகாது எண்டெல்லோ நினைச்சனான்," என்றார் பரமநாதன்.

"அப்படி இல்ல அங்கிள். அந்தத் தேள் விஷம் மட்டும்தான் இதுக்கு வலிக்காது. மத்தபடி எல்லா எலி மாதிரியும்தான். அடிபட்டா கத்தும்."

"அப்ப, கொட்டேக்கை தாங்கிக்கொண்டு நிக்கிறேல்லையோ?"

"தாங்கறதுக்கு அங்க வலியே இல்லையே அங்கிள்."

நொந்தால் எலிகூடக் கத்துகிறது. அதைக் காட்டியல்லவா வீட்டில் ஒருத்தியின் வாயை அடைத்தோம் என்று நினைத்தார் பரமநாதன். சுரங்க ரயிலில் வழிநெடுக அதே நினைப்புத்தான்.

வீட்டில் செல்வமலர் மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பினார்.

"இடுப்பு நோகுதோ?"

"இல்லையப்பா."

"நாளைக்கு டொக்டரிட்டை நானும் வரட்டோ? நீர் சொல்லுறதை அப்பிடியே சொல்லுவன்."

"வேண்டாம். மொழிபெயர்க்கிற பிள்ளை வரும். அவவுக்கு எல்லாம் சொல்லியிருக்கிறன்."

"எனக்கும் சொல்லுமன். கனக்க நோகுதோ?"

செல்வமலர் தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். முகத்தில் கோபமில்லை.

"கொஞ்சம்," என்றார்.