பெரியப்பா அறுத்த ஒயர்

எங்கள் ஆய்வுக்கூட அலமாரியில் ஒரு பழைய குல்லா கிடக்கிறது. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வதற்காகத் தலையில் மாட்டுவது. சுற்றிலும் ஒயர்கள் தொங்கும். அதில் ஒரு ஒயர் அறுந்து பிளாஸ்திரியோடு நிற்கிறது. அறுத்தவர் என் பெரியப்பா.

துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டி ஏற்றிப் போகும் டிரெய்லரில் அவர் கிளீனராக இருந்தவர். வண்டி 'பீப் பீப்' என்று பின்னோக்கி வரும்போது, அதன் பின்னே நின்று "வா வா வா, லெஃப்ட்ல ஒடி" என்று கூவுவார். போதும் என்றால் "ஹோல்டான்!" என்று வண்டியின் உடம்பில் ஓங்கி ஒரு தட்டு. அந்தத் தட்டுக்கு அடங்காத டிரைவர் ராயபுரத்திலேயே கிடையாது என்று பீற்றிக்கொள்வார். வீட்டில் அவர் பேச்சுக்குப் பூனைகூட நிற்காது என்பது வேறு விஷயம்.

வயதான பிறகு மறதி நோய் வந்தது. முதலில் தெருவை மறந்தார், கடைசியில் பெரியம்மாவையே மறந்தார். துறைமுக வாசலில் டீ விற்ற பெண் என்று நினைத்துக்கொண்டு, "யக்கா, ஸ்ட்ராங்கா ஒரு டீ" என்பார். கட்டின புருஷன் அக்கா என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? பெரியம்மா தனியாக அழுததை நான் பார்த்திருக்கிறேன். என் வேலை இன்னதென்று கேள்விப்பட்டதும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தோ பாருடி, அவரு மண்டைக்குள்ள நா கீறனா இல்லியா? உன் மெசினு சொல்லுமா?"

மெஷின் அதைச் சொல்லாது. ஒரே மாதிரி ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்து, நடுவில் எதிர்பாராமல் வேறு ஒலி ஒன்றை விடுவோம். ஆள் கவனிக்காவிட்டாலும் மூளை அதைக் கண்டுகொள்கிறதா என்று அலையில் பார்ப்போம். மறதி நோயில் அது எப்படி மாறுகிறது என்பதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தை நடத்தும் டாக்டரின் ஆராய்ச்சி. இதைப் பொறுமையாக விளக்கினேன். "அதுக்கா இத்தினி ஒயரு?" என்றார் பெரியம்மா. ஆனாலும் அவரை அழைத்து வந்துவிட்டார்.

பெரியப்பா குல்லா மாட்டியதும் மாப்பிள்ளை போல் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிரே இருந்த ஒலிபெருக்கி 'பீப் பீப்' என்றது. அவ்வளவுதான். "வா வா வா" என்று கையை ஆட்டத் தொடங்கினார். மாற்று ஒலி வந்ததும் "ஹோல்டான்!" என்று நாற்காலியில் ஒரு தட்டு. திரையில் அலைகள் புயலடித்த கடலாகிவிட்டன. டாக்டர் அசையாமல் இருக்கும்படி கெஞ்சினார்.

"நீ ஸ்டேரிங்க பாரு நைனா, பின்னாடி நா பாத்துக்கறேன்" என்றார் பெரியப்பா.

சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி ஒலியைப் போட்டேன். அப்போது பெரியம்மாவின் கைக்குட்டை காற்றில் பறந்துபோய் ஒலிபெருக்கியின் முன்னால் விழுந்தது. அதை எடுக்க அவர் போய்க் குனிந்தார்.

பெரியப்பா துள்ளி எழுந்தார். "ஹோல்டான்! ஹோல்டான்! யோவ், என் வூட்டுக்காரி பின்னாடி நிக்கிறா, கண்ணு தெர்ல?"

ஒயர் அறுந்து குல்லா காதுவரை சரிந்தது. அதைப் பற்றிக் கவலைப்படாமல் பாய்ந்து பெரியம்மாவின் கையைப் பிடித்து இழுத்து ஓரமாக நிறுத்தினார். பெரியம்மா கைக்குட்டையைக் கையில் வைத்துக்கொண்டே அதில் முகம் துடைக்க மறந்து அழுதார். நானும் அழுதேன். அன்றைய பதிவு எதற்கும் உதவாது என்று டாக்டர் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியப்பா நாற்காலியில் சாய்ந்தபடி, "யக்கா, ஒரு டீ" என்றார். பெரியம்மா கோபிக்கவே இல்லை. பிளாஸ்க்கைத் திறந்து ஊற்றி, "குடிய்யா, ஸ்ட்ராங்காதான் போட்டுக்கீறேன்" என்றார்.

இப்போது அவர்கள் இருவருமே இல்லை. புதுக் குல்லாக்கள் வந்துவிட்டன. அலமாரியை ஒழிக்கும்போதெல்லாம், இந்த அறுந்ததைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று டாக்டர் கேட்பார்.

அலமாரிக் கதவில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "ஹோல்டான்" என்பேன்.