கூறைத் துணியும் பாரிஸ்காரரும்

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீங்கள் நிம்மதியாக வாசிக்கலாம். பொத்தான் அறுந்தால்கூட மனைவியைக் கூப்பிடுகிற நான், போன வருடம் ஒரு வியாழக்கிழமை காலையில், கல்யாணப் பெண்ணின் கூறைத் துணியில் கத்தரிக்கோல் வைத்தேன்.

குற்றத்தில் பாதி ஒரு பிரெஞ்சுக்காரருடையது. முந்தின நாள் லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் அவர் தைத்த ஆடைகளைப் பார்த்திருந்தேன். எங்கள் பங்குக் கோயில் பெண்கள் சேர்ந்து போக ஒழுங்கு செய்த பயணம் அது. மனைவிக்கு முதியோர் இல்லத்தில் ஷிப்ட் மாறிவிட்டதால், டிக்கெட் வீணாகக் கூடாதென்று அத்தனை பெண்களுக்கும் நடுவே நான் போனேன்.

அவர் ரொட்டிக் கடைக்காரரின் மகனாம். பாரிசில் ஒரு மாடியறையில் தொடங்கி, பிரபுக்கள் வீட்டுப் பெண்களெல்லாம் காத்திருந்து உடுப்புத் தைப்பிக்கிற அளவுக்கு வளர்ந்தவர். அவர் செத்த பிறகும் அவருடைய வெட்டைத்தான் இன்னும் பழகுகிறார்களாம். தாளில் அளவு வரைய மாட்டார். துணியைத் தோளில் எறிந்து, அது விழுகிற விதத்தைப் பார்த்துச் சரிவாக வெட்டுவார். முதல் தடவை எல்லோரும் சிரித்தார்களாம். அங்கே எழுதி வைத்திருந்த அந்த வரியை இரண்டு முறை வாசித்தேன். மேதைமையில் அந்தச் சிரிப்புப் பகுதி மட்டும் எனக்கு ஏற்கெனவே கைவந்திருந்தது.

மனைவி வீட்டில் சேலை பிளவுஸ் தைப்பவள். அந்தச் சனிக்கிழமை அவளுடைய அக்கா மகளுக்கு, எங்கள் பெறாமகளுக்கு, கல்யாணம். கூறைச்சேலையோடு சேர்த்து நெய்து வந்த பிளவுஸ் துணி மேசையில் மடித்துக் கிடந்தது. முழங்கை வரை கை வேண்டும் என்று பிள்ளை ஆசையாகக் கேட்டிருந்தாள். மனைவியோ ஓயாமல் ஷிப்ட். வெட்டியாவது வைப்போமே என்று தோன்றியது. துணியைத் தையல் பொம்மையின் தோளில் எறிந்தேன். அழகாகத்தான் விழுந்தது. சரிவாக வெட்டினேன்.

மனைவி எப்போதும் சரிகைக் கரையிலிருந்து கைகளைத்தான் முதலில் வெட்டி எடுப்பாள், முன்பக்கமெல்லாம் பிறகுதான். அது எனக்கு நினைவு வந்தபோது கரை இரண்டு துண்டாகியிருந்தது.

அதன்பிறகு வீட்டில் நிற்க முடியவில்லை. சமையலறைக்குப் போனேன், எதற்கென்று தெரியாமல் திரும்பி வந்தேன். வெட்டின இரண்டு துண்டையும் ஒட்டவைத்துப் பார்த்தேன், அவை ஒட்டுமென்பதுபோல. கடைசியில் துணியின் ஓரத்தில் ஒரு சின்னக் கீலத்தை நறுக்கிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, நாங்கள் இருக்கிற மிட்சமிலிருந்து டிராம் பிடித்து விம்பிள்டன், அங்கிருந்து ரயிலில் ஈஸ்ட் ஹாம். இருக்கைகள் காலியாக இருந்தும் வழி முழுக்க நின்றுகொண்டே போனேன். சிவப்புக் கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முதுகோடு கீலத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். அவள் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

அதே துணி கேட்டுச் சேலைக் கடை சேலைக் கடையாக ஏறி இறங்கினேன். கடைசிக் கடையில் இருந்த மதுரைக்காரர் கீலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது சேலையோடயே நெய்ததுண்ணே. தனியா எங்கயும் கிடைக்காது. யார் வெட்டினது இத?"

தெரிந்த ஒருவர் என்றேன்.

நான் வீடு திரும்புமுன் மனைவி வந்துவிட்டாள். வேலை உடுப்புக்கூட மாற்றாமல் தையல் மெஷினில் இருந்தாள். கரைத் துண்டுகளை மூட்டி, மூட்டு அக்குளுக்குள் மறையும்படி ஊசி குத்தியிருந்தாள். பெறாமகளுக்கும் போன் எடுத்துவிட்டாளாம். கை கட்டையாகத்தான் வரும், முழங்கை வரைக்கும் ஏலாது என்று சொல்ல, எவ்வளவு கட்டை என்று பிள்ளை இரண்டு தரம் கேட்டாளாம். பிறகு, "இட்ஸ் ஓகே சின்னம்மா" என்றாளாம்.

திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் திட்டவில்லை. நான் கதவடிக்கும் ஜன்னலடிக்குமாக நடந்தேன். ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

"இஞ்சேரும், அந்தப் பிரெஞ்சுக்காரரைப் பாத்தும் முதல்ல எல்லாரும் சிரிச்சவையாம்."

அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவர் வெட்டினது தன்ர துணியை."